பியூரிட்டன் வீட்டுத் திவசம்

அந்தச் சொல் என் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தது என் மேல் எறியப்பட்டுத்தான். மகள் அப்போது ஹைஸ்கூல் கடைசி வகுப்பில் இருந்தாள். பள்ளிக்கூடம் முடிகிறதென்று பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஆடிப் பாடி ஒரு ஹோட்டலில் தங்குவார்களாம். ஆடிவிட்டு வா, தங்குவதெல்லாம் சரிவராது என்றேன். அவள் மாடிப்படியின் நடுவில் நின்று, "அம்மா, யூ ஆர் அ பியூரிட்டன்!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது என்ன சாமான் என்று எனக்குத் தெரியவில்லை. கெட்ட சொல்லாக இருக்குமோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, கெட்ட சொல்லுக்கு இவ்வளவு நீளம் இருக்காது என்று விட்டுவிட்டேன். ரக்சிக் கார் ஓட்டிவிட்டு வந்த என் மனுசனிடம் கேட்டேன். அவர் ஓட்டத்தில் நாலு பேரோடு கதைத்து ஆங்கிலம் பிடித்தவர்.

"அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சமயக்காரர்," என்றார். "சிரிக்கத் தெரியாத ஆக்கள். கறுப்புச் சட்டைதான் போடுவினமாம்."

"நான் எப்ப கறுப்புச் சட்டை போட்டனான்?"

"உதை அவளிட்டைக் கேளும். எனக்குச் சோத்தைப் போடும்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். ஆங்கிலத்தில் பஸ் இலக்கமும் மருந்துப் போத்தலில் என் பெயரும் தெரியும், அவ்வளவுதான். அதற்காக நான் எவருக்கும் தலை குனிந்தது கிடையாது. இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்திருக்கிறேன். ஒருவன் இங்கே ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் என்னோடு இருக்கிறான். மற்றவள் எல்லைக்கு அந்தப்பக்கம், காலையில் காரில் புறப்பட்டால் பொழுதுபடத்தான் போய்ச்சேரலாம், ஒரு சின்ன ஊரில் உள்ள அமெரிக்கக் கல்லூரியில் படிப்பிக்கிறாள்.

என்ன படிப்பிக்கிறாள் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். என் மேல் எறிந்த அந்தப் பியூரிட்டன்களைப் பற்றித்தான். அவர்கள் மழை பெய்யாவிட்டால் விரதம், வருத்தம் வந்தால் விரதம், சண்டை வந்தால் விரதம் என்று ஊரோடு பட்டினி கிடந்த ஆட்களாம். அந்த விரதங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறாள். அதற்காகப் பழைய கடதாசிகளுக்குள் தலையை வைத்துக் கிடந்து கண்ணாடி இரண்டு தரம் மாற்றியாயிற்று.

"விரதத்தைப் பற்றிப் படிக்க அமெரிக்கா போக வேணுமே பிள்ளை?" என்று ஒருநாள் கேட்டேன். "என்னட்டைக் கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்பனே."

"நீங்கள் சொன்னால் பட்டம் தரமாட்டினம் அம்மா," என்றாள்.

பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. ஆனால் அந்த வேலை நிரந்தரமில்லை. சில வருடம் வைத்துப் பார்ப்பார்களாம். பிறகு அவளோடு வேலை செய்கிற ஆசிரியர்கள் எல்லோரும் கூடி, அவளுடைய புத்தகத்தையும் படிப்பித்தலையும் எடைபோட்டு, வாக்குப் போடுவார்கள். ஓம் என்றால் சாகும்வரை வேலை. இல்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட ஒரு பெண்ணை இவ்வளவு காலம் வைத்துப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் எடுப்பாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மரக்கறி வெட்டுவேன். அந்தக் கடைசி வருடம் எந்தக் கதை தொடங்கினாலும் அந்தச் சொல்லில்தான் வந்து முடிந்தது. கல்லூரி மண்டபத்தில் கறுப்புச் சட்டைக் கிழவர்களின் படங்கள் தொங்குமாம். கல்லூரியைத் தொடங்கியவர்கள் அவர்கள்தானாம். வருடாவருடம் விழா வைத்து, எங்கள் பியூரிட்டன் முன்னோர் எவ்வளவு எளிமை, எவ்வளவு உழைப்பு என்று பேசுவார்களாம். அதே மண்டபத்தில் ஒரு நாடகம் போட ஆயத்தப்படுத்தினார்கள். அது தங்களை இழிவுபடுத்துகிறது, நிறுத்துங்கள் என்று மாணவர்கள் வாசலில் நின்றார்கள். உடனே ஒரு ஆசிரியர், இந்தப் புதுப் பியூரிட்டன்களின் தொல்லை தாங்க முடியவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். மாணவர்கள் விடுவார்களா? மாணவிகளின் அரைக் காற்சட்டையைப் பற்றி எப்போதோ குறைசொன்ன அதே மனிதரைத்தான் அவர்கள் பியூரிட்டன் என்றார்கள்.

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

"அப்ப உதிலை ஆர் பிள்ளை பியூரிட்டன்?"

"ஆருக்கு ஆரைப் பிடிக்கேல்லையோ, அவை," என்றாள்.

களைத்த குரல் அது. வகுப்பில் நின்று கதைத்த களைப்பு வேறு, அது தேத்தண்ணி குடித்தால் போய்விடும். இது வேறு.

எங்கள் வீட்டிலும் சொல் பரவிவிட்டது. எனக்குச் சீனி வருத்தம் என்று மருமகள் சீனிப் போத்தலை மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். மகன் வேலையால் வந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதென்ன, பியூரிட்டன் தேத்தண்ணியோ?" என்பான். மருமகள், "ஓம், மாமிக்கு வைச்சதிலை உங்களுக்கும் ஊத்தினனான். குடிச்சால் குடியுங்கோ," என்பாள். சிரிப்போம். அடுத்த ஞாயிறு போன் வரும்போது அந்தச் சிரிப்பு எனக்கு வராது.

ஏனென்றால் கடைசியில் அந்தச் சொல் என் மகள் மேலேயே வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமைகளில் வகுப்புகள் முடிந்ததும் அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு மதுக்கடைக்குப் போய் இருந்து கதைப்பார்களாம். வேலைக் கதை, ஊர்க் கதை எல்லாம் அங்கேதான். என் மகள் போவதில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு மரக்கறி. வீட்டுக்குப் போய் முழுகி, விளக்குக் கொளுத்தி, ஒரு நேரச் சாப்பாடு. நான் பழக்கிய பழக்கம். அவள் அதை விட்டுவிடுவாள் என்றுதான் நானே நினைத்திருந்தேன், விடவில்லை. ஆனால் அதை அங்கே ஒருவருக்கும் சொல்லவுமில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். ஆசிரியர் கூட்டமொன்றில் ஒருவர், நாடகத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினாரே அவர்தான், சொன்னாராம்: கெட்டிக்காரிதான், ஆனால் பியூரிட்டன், குடிக்க மாட்டாள், கதைக்க மாட்டாள், பிந்தி வந்த கட்டுரைக்குப் புள்ளி தரமாட்டாள், இவளோடு ஒரே விறாந்தையில் ஆயுள் முழுக்க எப்படி இருப்பது?

"விரதம் எண்டு சொல்லன் பிள்ளை. அதிலை என்ன வெக்கம்?"

"வெக்கமில்லை அம்மா. சொன்னால் அதுக்கு வேறை பேர் வைப்பினம். பியூரிட்டன் எண்டால் தங்கடை ஆள் மாதிரி ஏசுவினம். விரதம் எண்டால் நான் அவையளுக்குக் காட்சிச் சாமான் ஆகிடுவன். பிறகு என்ரை புத்தகத்தை ஆரும் வாசிக்காயினம், என்னைத்தான் வாசிப்பினம்."

எனக்கு அது முழுக்க விளங்கவில்லை. விளங்கிய அளவில், அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாகப் பட்டது.

அந்த வருடம் குளிர் போகப் பிந்தியது. வாக்கு கோடைக்குப் பின், இலை உதிர்கிற நேரத்தில். அதற்கு முன் வசந்தத்தில், அவளுடைய துறைத் தலைவி ஒரு மாநாட்டுக்கு ரொறன்ரோ வருகிறார் என்றாள். எழுபதை எட்டிய அம்மா. அந்த அம்மா என்ன சொல்கிறாரோ அதன் பக்கம்தான் மற்ற வாக்குகளும் சாயுமாம். மகளும் அதே மாநாட்டுக்கு வருகிறாள். ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருகிறேன் என்றாள். கோழி சுடலாம், வைன் வைக்கலாம், தம்பி பகிடி விடுவான், நாங்களும் சிரிக்கிற சனம்தான் என்று அந்த அம்மா பார்க்கட்டும்.

அவள் நாளைச் சொன்னாள். நான் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரைப் பார்த்தேன்.

"அண்டைக்கு அப்பாவின்ரை திவசம்," என்றேன்.

"இல்லையே அம்மா. அது அடுத்த கிழமையெல்லோ? நான் திகதி பார்த்துத்தானே வைச்சனான்."

"அது அவர் மோசம்போன இங்கிலீசுத் திகதி. திதி இந்த முறை முந்தி வருது."

அந்தப்பக்கம் அவள் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, இந்த ஒருக்கா மட்டும் ஒரு கிழமை தள்ளி வையுங்கோவன். அப்பா கோவிக்கமாட்டார்."

"அவர் கோவிக்கமாட்டார்தான். உயிரோடை இருக்கேக்கையே கோவிச்ச மனிசனில்லை. அதுக்காக அவருக்குப் பசிக்கிற நாளை நான் மாத்தேலுமே?"

"அம்மா, என்ரை வேலை."

"வேலையை வேண்டாமெண்டு நான் சொன்னனானே? கூட்டிக்கொண்டு வா. எங்கடை வீட்டிலை அண்டைக்குச் சாப்பாடு இருக்கும். மரக்கறிச் சாப்பாடு. கோழியும் வைனும் வேறை நாளைக்கு."

"அந்த அம்மாவுக்கு வேறை நாள் இல்லை." பிறகு, "சரி அம்மா," என்றாள். அந்தச் சரி, பாரத்தை இறக்கி வைக்காமல் தோள் மாற்றிக்கொள்கிற சரி.

அன்றிரவு மகன், "அக்காக்கு வேலை போனால் இஞ்சை வந்து எங்களோடை இருக்கட்டும், மேல் அறை சும்மாதானே கிடக்குது," என்றான். மேல் அறை சும்மா கிடக்கிறது என்பது எனக்கும் தெரியும். அங்கே வேலை நிரந்தரமானால் அவளும் அங்கேதான் நிரந்தரம் என்பதும் தெரியும். அவள் கேட்டது அவளுக்குக் கிடைக்க வேண்டும். மேல் அறையில் அவள் நடக்கிற சத்தமும் எனக்குக் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

திவசத்தன்று ஐயர் காலையில் வந்தார். பக்கத்து மார்க்கம் நகரில் இன்னொரு திவசம் இருக்கிறதென்று சொல்லி, மந்திரத்தைக் கெதியாக முடித்து, அரிசியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். ஐயர் போனபிறகுதான் எங்கள் வீட்டுப் படையல். மனுசனின் படத்துக்கு முன் வாழையிலை போட்டு, சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய், வடை, பாயாசம் எல்லாம் வைத்தேன். இலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிளாசில் பிரண்டி. ரக்சி ஓடி முடித்து வந்தால் ஒரு கிளாஸ், அதற்கு மேல் இல்லை, அதுவும் வெள்ளிக்கிழமை இல்லை. அதுதான் அவர் கணக்கு. ஒவ்வொரு வருடமும் ஐயர் போனபின் நான் அதை வைக்கிறேன். ஐயருக்குத் தெரிய வேண்டியதில்லை. மனுசனுக்கும் எனக்கும் உள்ள விசயம் அது.

மத்தியானம் மகள் அந்த அம்மாவோடு வந்து இறங்கினாள். பஞ்சு போலத் தலை, முழங்கால் வருத்தக்காரரின் நடை. ஒருவரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பையிலிருந்து ஒரு வைன் போத்தலை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன், சிரித்தேன், நேரே கொண்டுபோய்க் கராஜில் பனி வழிக்கிற சவலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து கையைக் கழுவினேன். படைத்த வீட்டுக்குள் புதுக் குடிவகை எப்படி வரும்?

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று.

"அம்மா, அதைக் குசினிக்குள்ளை எங்கையாவது வைச்சிருக்கலாமே."

"கராஜ் நல்ல குளிர். பழுதாகாது."

இனிக் காகம். வைத்த சாப்பாட்டில் ஒரு பிடி எடுத்து வெளியே வைக்க வேண்டும். காகம் வந்து தொட்டால்தான் அவர் சாப்பிட்டதாக அர்த்தம், அதற்குப் பிறகுதான் எங்களுக்கு இலை. பின்வளவில் கோழி சுடுகிற அடுப்பின் மூடியில் வாழையிலைத் துண்டைப் போட்டு, சோறும் வடையும் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டு வந்து யன்னலோரம் நின்றேன். வேறு நாளில் குப்பை வாளியைச் சுற்றி ஏழெட்டு நிற்கும். அன்றைக்கு ஒன்றுமில்லை. அணில் வந்தது, மகன் துரத்தினான். பிறகு கடைகளின் கார்த் தரிப்பிடத்தில் பொரியல் பொறுக்குகிற கடற்பறவை ஒன்று வந்து வேலியில் குந்தியது.

"அம்மா, விடுங்கோ, அது சாப்பிடட்டும்," என்றான் மகன். "அப்பா கனடாச் சிற்றிசன்தானே. வெள்ளைக் காகமாத்தான் வருவார்."

"வாயை மூடடா."

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். அந்த அம்மா என்ன பகிடி என்று கேட்டிருக்க வேண்டும், மகள் அரைகுறையாக ஏதோ சொன்னாள். மகளின் கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. அந்த அம்மா பின்நேரம் நகரத்தில் போய் உரையாற்ற வேண்டும். அப்பளம் நமத்துக்கொண்டிருந்தது. பசியில் அந்த அம்மாவின் வயிறு ஒருதரம் சத்தம் போட்டது, எல்லோருக்கும் கேட்டது, எல்லோரும் கேட்காதது போல இருந்தோம்.

மகள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "அம்மா, ஒரு காகத்தாலை என்ரை வேலை போகப்போகுது."

"கொப்பர் சாப்பிடாமல் நான் இலை போடமாட்டன்."

"அவ விருந்தாளி அம்மா!"

"அவரும் இண்டைக்கு ஒருநாள்தான் வாறார் பிள்ளை."

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். சொல் விளங்கியிராது, சண்டை விளங்கியிருக்கும். எந்த வீட்டிலும் தாயும் மகளும் பிடிக்கிற சண்டைக்கு ஒரே முகம்தானே. எழுந்தார். ஓட்டைக் காலுறையோடு பின்கதவைத் திறந்து, ஈரப் புல்லில் இறங்கி, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, கையை வாயில் குவித்து, "கா! கா!" என்று கூப்பிட்டார். நான் கூப்பிட்டதைவிட நல்ல சத்தம். வேலிக்கு அந்தப்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சீனத்து மனிதர் குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அவர் கூப்பிட்டதற்குத்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். வரவேண்டிய நேரத்துக்கு வந்தது. மின்சாரக் கம்பியிலிருந்து ஒன்று இறங்கி, சோற்றைத் தொடாமல் வடையை மட்டும் கவ்விக்கொண்டு போயிற்று. மனுசனும் அப்படித்தான், முதலில் வடை.

இலை போட்டோம். அந்த அம்மா கையாலேயே சாப்பிட்டார். விரலிடுக்கெல்லாம் பருப்பு. பாயாசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். பிறகுதான் படத்துக்கு முன்னாலிருந்த கிளாசைக் கண்டார். மணத்திலேயே என்னவென்று பிடித்துவிட்டார். மகளிடம் ஏதோ கேட்டார், மகள் சொல்லத் தயங்கினாள்.

"என்னவாம்?"

"தன்ரை போத்தல் வெளியிலை, அப்பாவின்ரை உள்ளுக்கை. ஏனெண்டு கேக்கிறா."

"இது அவர் கேட்டது. அது அவர் கேளாதது. அப்பிடியே சொல்லு."

மகள் சொன்னாள். அந்த அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கையைக் கழுவாமலே நெடுநேரம் கதைத்தார், மகள் துண்டுதுண்டாகச் சொன்னாள். அந்தக் காலத்துப் பியூரிட்டன்களும் பியர் குடித்தவர்கள்தானாம். சட்டையும் எல்லோருக்கும் கறுப்பில்லையாம். நத்தார் என்கிற கிறிஸ்மஸைத்தான் கொண்டாட விடமாட்டார்களாம். அந்தப் பெயரே அவர்கள் வைத்ததில்லையாம், பிடிக்காதவர்கள் வைத்து ஏசியதாம். கடைசியில் மகளைப் பார்த்து மெதுவாக ஏதோ ஒரு வசனம் சொன்னார். மகள் அதை எனக்குச் சொல்லவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். போத்தலைத் திருப்பிக் கொடுக்கவா என்று மகனைக் கொண்டு கேட்பித்தேன். அது கராஜிலேயே இருக்கட்டும் என்றாராம்.

பிறகு கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைப் போன் குறுகிப்போயிற்று. சுகமோ, சுகம். சீனி எவ்வளவு, இவ்வளவு. வாக்கைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. திவசத்தைப் பற்றியும் இருவரும் வாய்திறக்கவில்லை. வேலை போனால் அதற்குக் காரணம் நான்தான் என்று அவள் நினைப்பாள் என்று தெரியும். நினைக்கட்டும். திதி திதிதான். ஆனால் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டுதான் இருந்தேன். அதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

இலை உதிர்ந்து முடிகிற நேரம், ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. ஞாயிறில்லாத நாளில் வந்ததால் ஈரக் கையைத் துடைக்காமலே எடுத்தேன்.

"கிடைச்சிட்டுது அம்மா."

"முருகா," என்றேன். "நல்லது பிள்ளை. நல்லது." அவள் குரலில் கிடைத்த மாதிரி ஒன்றுமில்லை. "ஏன் பிள்ளை ஒரு மாதிரிக் கதைக்கிறாய்?"

அவள் சொன்னாள். கூட்டத்தில் அந்த அம்மாதான் கடைசியாகப் பேசினாராம். ஓட்டைக் காலுறையோடு புல்லில் நின்று காகம் கூப்பிட்டதைச் சொல்லியிருக்கிறார். தன் போத்தல் கராஜுக்குப் போன கதையையும், படத்துக்கு முன்னால் பிரண்டி இருந்த கதையையும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம். பிறகு சொன்னாராம்: அந்த வீட்டில் பசியோடு காத்திருந்தபோதுதான் எனக்கு இந்தப் புத்தகம் விளங்கியது, நம்மிடையே உண்மையான பியூரிட்டன் ஒருத்தி இருக்கிறாள் என்றால் இவள்தான், அந்தச் சொல்லின் மிக நல்ல அர்த்தத்தில். அடுத்த நாள், ஒரே விறாந்தையில் எப்படி இருப்பது என்று கேட்ட அந்த மனிதர் அதே விறாந்தையில் வந்து கைகொடுத்து, எங்கள் சொந்தப் பியூரிட்டனே வாழ்க என்றாராம்.

"நல்லதுதானே சொல்லியிருக்கினம்," என்றேன்.

"நல்லதுதான் அம்மா. அண்டைக்கு உங்கடை மேசையிலையே என்னட்டைச் சொன்னவ, இப்பத்தான் உன்னை விளங்குது எண்டு. புத்தகம் வந்து எவ்வளவு காலம். அதை வாசிச்சுச் சொல்லேல்லை. உங்கடை வடையைச் சாப்பிட்டுச் சொன்னவ."

"என்ரை வடை நல்ல வடைதான்."

அவள் சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அது நீளவில்லை.

"அந்தக் கடதாசிகளுக்குள்ளை கிடந்த கிடைக்கு மதிப்பு ஒண்டுமில்லை அம்மா. காகம்தானாம். இனி நான் அங்கை எங்கை போனாலும் அந்தக் காகக் கதை எனக்கு முன்னாலை போய் நிக்கும். வெள்ளிக்கிழமை நான் போகாட்டி, இப்ப ஒருத்தரும் கோவிக்காயினம். 'ஓ, இண்டைக்கு விரதம்' எண்டு தலையை ஆட்டுவினம். அதுதான் எனக்குக் கூடக் களைப்பா இருக்குது."

என் வீட்டுக் காகத்தால் வேலை போகவில்லை, கிடைத்தது என்று மார்தட்டலாம். அவளுடைய குரலைக் கேட்டபிறகு தட்ட முடியவில்லை. என்னை ஏசிய சொல்லால் அவளை ஏசினார்கள், பிறகு அதே சொல்லால் தோளில் தூக்கினார்கள். இரண்டு தரமும் அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. என்னிடமும்தான். நான் செய்தது என் மனுசனுக்குச் சோறு போட்டது. அதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று நான் யாரிடம் போய்க் கேட்டேன்?

"சாப்பிட்டியே பிள்ளை?" என்றேன்.

"இனித்தான்."

"சாப்பிடு."

அந்தக் குளிர்காலம் பொல்லாத குளிர். ஒரு நாள் காலை மகன் சவலை எடுக்கக் கராஜுக்குப் போய், "அம்மா, இஞ்சை வந்து பாருங்கோ," என்று கூப்பிட்டான். அந்த அம்மாவின் போத்தல் உறைந்து, மூடித் தக்கையைத் தானே தள்ளி வெளியே எறிந்திருந்தது. சவலின் பிடியிலும் நிலத்திலும் சிவப்பு வழிந்து, கட்டியாகிக் கிடந்தது. பழுதாகாது என்று நான் சொல்லியிருந்தேன். மகன் அதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு வேலைக்குப் போனான். நான் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்தேன். சீமெந்தில் கொஞ்சம் ஊறிவிட்டது, போகவில்லை. இப்போதும் இருக்கிறது. மேல் அறையில் மகன் உடற்பயிற்சி மெசின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான்.

இந்த வருடம் திதி ஒரு புதன்கிழமை வந்தது. மகளுக்கு வகுப்பு, வர முடியாது. தான் அங்கேயே படைக்கிறேன் என்றாள். முதல்நாள் போனில் என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்டாள், நான் சொல்லச் சொல்ல எழுதினாள். கடைசியில், "பிரண்டி எந்தக் கிளாசிலை அம்மா?" என்றாள். சின்னதில் என்றேன். அங்கே வாழையிலை கிடைக்காது, தட்டில் வைக்கிறேன் என்றாள். சரி என்றேன்.

அன்று மத்தியானம் இங்கே படைத்துவிட்டு, அடுப்பு மூடியில் சோறு வைத்துவிட்டு, அவளுக்குப் போன் எடுத்தேன். காரில் ஏறுகிற சத்தம் கேட்டது.

"படைச்சனியே பிள்ளை?"

"ஓம் அம்மா. எல்லாம் வைச்சனான். வடை உடைஞ்சு போச்சு, ஆனால் வைச்சனான்."

"காகம் வந்ததே?"

"பார்க்க நேரமில்லை அம்மா. பல்கணியிலை வைச்சிட்டு, நான் சாப்பிட்டிட்டு வந்திட்டன். வகுப்புக்கு நேரமாச்சு." பிறகு, "கோவமோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. நீ கவனமா ஓட்டு."

மருமகள் மேசையில் இலைகளைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். யன்னலுக்கு வெளியே வேலியில் அந்தக் கடற்பறவை வந்து குந்தியிருந்தது. கம்பியில் ஒன்றையும் காணவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.